செருப்புகளோடு ஜப்தியான வேன்

கடன் வழக்கில் தோற்றவரின் கதவைக் கோர்ட் பெயரால் முதலில் தட்டப் போகிறவர்கள் நீங்கள்தான். தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கு அன்றைக்கே அடுத்த வழக்கின் கட்டு வந்திருக்கும். வக்கீலுக்கு அடுத்த கட்சிக்காரர் வந்திருப்பார். ஜெயித்தவர் கையில் டிக்ரி என்ற காகிதம் இருக்கும். காகிதம் நடந்து போய்ப் பணம் வாங்கி வராது. ஆகவே அவர் மறுபடியும் கோர்ட்டுக்கு வந்து, நிறைவேற்று மனுப் போட்டு, ஜப்தி வாரண்ட் வாங்குவார். அந்த வாரண்டைக் கொண்டு போகிறவர் அமீனா. சித்தூரிலும் திருப்பதியிலுமாக முப்பத்தொரு வருஷம் அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் நான்.

புதிதாக அமீனா வேலையில் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் போனில் என்னைக் கேட்டார்: "சார், வாரண்ட எடுத்துக்கினு போனா அடிப்பாங்களா?" தம்பி, என் மொத்த சர்வீஸில் என்மேல் கை வைத்தவர்கள் மூன்று பேர். கடித்த நாய்கள் ஐந்து. இரண்டையும் கூட்டினாலும் எட்டுதான். அதற்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், நீங்கள் ஒருவராக முடிவு செய்ய வேண்டியிருக்கும். சுற்றி இருக்கிற அத்தனை பேரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் சித்தூர் கோர்ட்டில் எங்களுக்கு மேலே ஒரு நாசர் இருந்தார். அமீனாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். மெலிந்த மனிதர், மூக்குப்பொடி போடுவார், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கர்சீப். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். "எதை எடுத்தாய் என்று எல்லாரும் எழுதுவான். எதை எடுக்காமல் வந்தாய், ஏன் எடுக்கவில்லை என்று எழுத ஒருத்தனுக்கும் தெரியாது. நீ அதைக் கற்றுக்கொள்." சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை, தாலி, தொழில் செய்கிறவனின் கருவி, இவற்றைத் தொடக்கூடாது என்பது உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பட்டியலில் வராத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வீர்கள் என்பதற்காகத்தான் இந்த ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பெருமை தந்தது இது. மறைக்கவில்லை.

அப்போது நான் திருப்பதி கோர்ட்டில் இருந்தேன். ஓய்வுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி. சித்தூரில் ஒரு பைனான்ஸ் கம்பெனி, புரோநோட்டின்பேரில் கடன் வாங்கிய ஒரு வேன்காரர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தது. அவர் கோர்ட்டுக்கே வரவில்லை. ஒருதலைப்பட்சமான டிக்ரி. அவருடைய ஒரே சொத்தான வேன் திருப்பதியில் ஓடுவதால், நிறைவேற்றுவதற்காக டிக்ரியை எங்கள் கோர்ட்டுக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள். கடனுக்கு ஈடாக வேனை எழுதி வைத்திருந்தால் கம்பெனியே நேரில் வந்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். இது வெறும் கைக்கடன் வழக்கு. அதனால் அமீனா வேண்டியிருந்தது.

வேன்காரர் பெயர் தணிகாசலம். நகரிக்குப் பக்கத்துக் கிராமம். பக்திப் பயணக் கூட்டங்களை ஊரிலிருந்து ஏற்றி வந்து திருப்பதியில் விட்டுத் திரும்பக் கொண்டு போகிற தொழில். மூன்று முறை வாரண்டோடு அவரைத் தேடிப் போய் மூன்று முறையும் வெறும் கையோடு திரும்பியிருந்தேன். வீட்டு வாசலில் வேன் நிற்காது, அவரும் இருக்க மாட்டார். "வேன்லயே தூங்குறாரு, எங்கன்னு தெரியாது" என்பார் மனைவி. அவர் பொய் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஒரு நாள் காலை கம்பெனியின் வசூல் ஆள் முரளி போன் செய்தான். முப்பது வயது இருக்கும், எதற்கும் அவசரம். "சார், வேன் அலிபிரியில நிக்குது. நம்ம பையன் ஒருத்தன் போட்டோ அனுப்பிருக்கான். உடனே வாங்க."

வாரண்ட், வெள்ளைக் காகிதம், கார்பன், பேனா நான்கு (மூன்று எழுதும், ஒன்றை நம்ப முடியாது), தண்ணீர் பாட்டில், மாத்திரை எல்லாவற்றையும் எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அலிபிரியில் மலைப் பாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேன்கள் நிற்கும் மைதானம். ஓரத்தில் ரமணம்மா என்பவரின் டீக்கடை. முரளி எனக்கு முன்பே வந்திருந்தான். ஹெல்மெட்டையும் தோள் பையையும் ரமணம்மாவிடம் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கூடவே வேனை ஓட்டிக்கொண்டு போக ஒரு டிரைவரையும் கூட்டி வந்திருந்தான்.

தணிகாசலம் வேனின் முன் டயரில் சாய்ந்து உட்கார்ந்து பொங்கல் தின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. கோர்ட் ஆட்களை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். பையைப் பார்த்தா, நடையைப் பார்த்தா, எனக்கு இதுவரை தெரியவில்லை.

வாரண்டைப் படித்துக் காட்டினேன். அவர் பாதிதான் கேட்டார்.

"என்னப் புடிச்சிக்கினு போப் போறீங்களா சார்?"

"உங்களைத் தேடி யாரும் வரலை. வேனைத் தேடி வந்திருக்கேன்."

"அதுக்கு என்னையே புடிச்சிக்கினு போங்க சார்" என்றவர், எழுந்த வேகத்தில் வேனுக்கு அடியில் முன் சக்கரத்துக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டார். பொங்கல் பொட்டலம் மண்ணில் கவிழ்ந்தது.

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "டேய் தணிகாசலம்! எழுந்திரு. புது சட்ட, ஆயிலு ஒட்டிக்கும்."

அப்போதுதான் உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி. பெயர் பாக்கியம். முழங்காலில் பச்சிலைக் கட்டு. மடியில் வேர்க்கடலை முறம். கூட்டமெல்லாம் விடியற்காலையில் படியேறி மலைக்கு நடந்து போயிருந்தது. முட்டி வலியால் ஏற முடியாத இந்த அம்மா மட்டும் வேனிலேயே தங்கிவிட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"செருப்புக்குக் காவல்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கடைசி சீட்டின் அடியிலும் நடைவழியிலும் செருப்புகள். படியேறுகிறவர்கள் வெறுங்காலோடு போவார்கள், செருப்பை வேனில் விட்டுவிடுவார்கள். அது இங்கே எல்லாரும் செய்வது. செருப்போடு மாற்றுத் துணிப் பைகள், புளிசாதத் தூக்குகள், ஒரு ஸ்டவ், ஒரு பெரிய குண்டான், அரிசி மூட்டை.

முரளி பொறுமை இழந்துவிட்டான். "சார், அதையெல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டு வண்டிய எடுக்கலாம். என் டிரைவர் ரெடி. மத்தியானத்துக்குள்ள சித்தூர்ல எங்க யார்டுல விட்டுடலாம்."

இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது. புதியவர்கள் கவனியுங்கள். ஜப்தி செய்த பொருள் கோர்ட்டின் காவலில் இருக்க வேண்டும். ஜெயித்தவரின் யார்டுக்குப் போகக் கூடாது. பல அமீனாக்கள் இந்தத் தப்பைச் செய்வார்கள். கம்பெனிக்காரன் டிரைவர் வைத்திருக்கிறான், டீசல் போடுகிறான், நமக்கென்ன என்று விட்டுவிடுவார்கள். பிறகு வேனில் டயர் மாறியிருக்கும், பேட்டரி மாறியிருக்கும், அமீனா தலையைச் சொறிவார். இரண்டாவது தப்பு, அடுத்தவர் பொருளைத் தொடுவது. வாரண்டில் வேன் நம்பர் இருந்தது. அந்தச் செருப்புகளில் ஒன்றின் பேரும் அதில் இல்லை.

"யார்டுக்குப் போகாது. கோர்ட் காவலுக்குத்தான் போகும்" என்றேன். "அதுக்கு முன்னாடி பட்டியல் எழுதணும்."

"எத்தன நேரம் ஆகும்?"

"எண்ணி முடிக்கிற வரைக்கும்."

இதற்குள் மைதானத்தில் இருந்த வேன்காரர்கள் கூடிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவன் தெலுங்கில் முரளியின் பிறப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தான். முரளி பதிலுக்குப் போனை எடுத்து, "போலீஸக் கூப்பிடுறேன்" என்றான். ஜப்திக்குப் போலீஸ் உதவி வேண்டுமென்றால் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கி வர வேண்டும் என்று நான் சொன்னேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சார், நீங்க யாரு பக்கம்?"

"வாரண்ட் பக்கம்."

"அந்தாள் ஏதாவது கொடுத்தானா? நான் ஜட்ஜ்கிட்ட எழுதிக் கொடுப்பேன்."

கூட்டத்துக்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை வந்தால் உங்களுக்கு இரத்தம் கொதிக்கும். பதில் சொல்லாதீர்கள். நான் கார்பனை வைத்துப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக வந்ததால் முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

செருப்புகளை எண்ணினேன். முப்பத்தேழு.

மறுபடி எண்ணினேன். முப்பத்தேழுதான். ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்து எண்ணினேன். பதினெட்டு ஜோடி, அதோடு குழந்தைச் செருப்பு ஒன்று மட்டும். சிவப்பு நிறம், இடது கால். அதற்கு ஜோடி இல்லை. நான் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். நாளைக்கு யாராவது வந்து என் பிள்ளையின் ஒரு செருப்பைக் கோர்ட் தொலைத்துவிட்டது என்று சொன்னால் நான் என்ன பதில் சொல்வது?

முரளி தலையில் அடித்துக்கொண்டான். "சார், கடனு லட்சத்துல இருக்குது. நீங்க செருப்பத் தேடுறீங்க!"

பாக்கியம் கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. "தேடாத நைனா. அந்தப் புள்ள ஒரு செருப்பக் கழட்டவே மாட்டேன்னு அழுதுச்சி. மாமன்காரன் அப்படியே தோள்மேல தூக்கிப் போட்டுக்கினு போய்ட்டான். இன்னொண்ணு மலைமேல கீது."

அதையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன். "ஜோடியின் மற்றொன்று மலைமேல் இருப்பதாகத் தகவல்."

"அவங்க எப்போ இறங்குவாங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"பெருமாள் எப்ப வுடுறாரோ அப்ப."

"போன் போட்டுக் கேக்கலாமா?"

"போனெல்லாம் தரிசனத்துக்குள்ள எடுத்துக்கினு போக வுடுவாங்களா? கவுன்ட்டர்ல குடுத்துருப்பாங்க."

கூட்டம் அதிகமான நாள். வரிசை எத்தனை மணி நேரம் என்று கீழே இருக்கும் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வரலாம், மறுநாள் வரலாம்.

"அம்மா, கொஞ்சம் இறங்கி ரமணம்மா கடையில உக்காருங்களேன்" என்றேன்.

"நான் எறங்க மாட்டேன். எங்க ஜனங்க என்ன நம்பி வச்சிட்டுப் போயிருக்குது. வேணும்னா என்னையும் சேத்து ஜப்தி பண்ணிக்கோ. என்ன வெலைக்குப் போவேன்னு நானும் பாக்குறேன்."

வேன்காரர்கள் சிரித்தார்கள். கீழே சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்த தணிகாசலமும் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு அந்தச் சத்தம் அழுகையாக மாறியது. நான் மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். என் முழங்காலும் அந்த அம்மாவின் முழங்காலைவிடப் பெரிதாக ஒன்றும் உசத்தி இல்லை.

"தணிகாசலம், கோர்ட்டுக்கு ஏன் வரலை?"

"சம்மன் கதவுல ஒட்டிருந்துச்சி சார். அப்ப நான் ராமேஸ்வரம் டிரிப்புல இருந்தேன். வந்து பாத்தா தேதி முடிஞ்சி போச்சி. தோத்துட்டா ஜெயில்னு சொன்னாங்க. அன்னைக்கிலேர்ந்து வூட்டுக்குப் போறதில்ல. வேன்லயே படுத்துக்குறேன். ரெண்டு புள்ளைங்க சார். பெரியவன் என்னப் பாத்தே ஆறு மாசம் ஆவுது."

"வேன் போனா?"

"வேன் போனா நான் இன்னா சார்? இதத் தவுர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

இந்த இடத்தில் உங்களுக்கு இரக்கம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் இரக்கத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. நீதிபதி அதைப் படிக்க மாட்டார், படிக்கவும் கூடாது. அந்த ஆள் கடன் வாங்கியது உண்மை, தோற்றது உண்மை. வேனை ஜப்தி செய்யாமல் நான் திரும்பினால் நான் வேலை செய்யாதவன். ஜப்தி செய்து, செருப்பும் குண்டானும் பாக்கியமுமாக அப்படியே ஓட்டிக்கொண்டு போனால், மலையிலிருந்து இறங்கும் பத்தொன்பது பேர் வெறுங்காலோடு தார் ரோட்டில் நிற்பார்கள். நாளைக்குக் கோர்ட்டின் பெயர் ஊர் ஊராகப் போகும். இரண்டுமே தப்பு. மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும்.

பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தேன். ஆமாம், அதையும் சுமந்துகொண்டுதான் போவேன். என் மனைவி கேலி செய்வாள். அசையும் பொருளை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்ற விதிக்குப் பக்கத்திலேயே இன்னொரு விதி இருக்கிறது. கால்நடை, விவசாயக் கருவி போன்றவையோ, சௌகரியமாக அகற்ற முடியாத வேறு பொருளோ ஜப்தியானால், சம்பந்தப்பட்டவர் யாராவது கேட்டுக்கொண்டால், கௌரவமான ஒருவரிடம் ஜாமீனோடு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, பொருளை அங்கேயே அவர் காவலில் விட்டு வரலாம். மாட்டுக்கும் வைக்கோல் போருக்கும் இதைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. வேனுக்கு யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. சக்கரம் இருக்கிற பொருளை எப்படி அகற்ற முடியாது என்று சொல்வது? ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நிற்கிற இந்த வேன், இந்த நிமிஷத்தில், சௌகரியமாக அகற்ற முடியாததுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"தணிகாசலம், வெளிய வாங்க. வேன் இப்போ ஜப்தி ஆகுது. ஆனா இங்கயே நிக்கும். இங்கயே நிறுத்தி வைக்கணும்னு நீங்க கேட்டு எழுதிக் கொடுக்கணும். காவலுக்குக் கௌரவமான ஒரு ஆள் வேணும். ரெண்டு பேர் ஜாமீன் நிக்கணும். முடியுமா?"

அவர் வெளியே வந்தார். முதுகு முழுக்க ஆயில். கூட்டத்தைப் பார்த்தார். வேன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜாமீனுக்கு இரண்டு பேர் உடனே முன்னால் வந்தார்கள். காவல் பொறுப்புக்கு யாரும் வரவில்லை. எல்லாரும் ஊர் ஊராக ஓடுகிறவர்கள். அப்போது டீக்கடையிலிருந்து ரமணம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எங்க ஒப்பம் போடணும் சார்? நான் இந்த எடத்த வுட்டு எங்கயும் போறதில்ல."

முரளி பாய்ந்தான். "இன்னா சார், டீக்கடைக்காரம்மா கௌரவமான ஆளா?"

"காலையில வந்ததும் உங்க ஹெல்மெட்டையும் பையையும் யார்கிட்ட கொடுத்தீங்க?" என்றேன்.

"அது..."

"பையில என்ன இருக்கு?"

"கலெக்‌ஷன் பணம்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ரமணம்மா உள்ளே போய்ப் பையையும் ஹெல்மெட்டையும் கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார். "எண்ணிக்கோப்பா" என்றார். அவன் எண்ணவில்லை.

பத்திரம் எழுதினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வேன் கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸை ஒட்டினேன். சாவியைத் துணியில் கட்டி அரக்கு வைத்து என் பையில் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது ரமணம்மா தன் பையனைக் கூப்பிட்டு வேனின் பேட்டரியைக் கழற்றச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "சாவி உங்ககிட்ட இருந்தா இன்னா சார்? இந்த ஸ்டாண்டுல சாவி இல்லாமலே வண்டி எடுக்கத் தெரிஞ்சவன் ஆறு பேரு. நான் ஒப்பம் போட்டிருக்கேன்" என்றார். பேட்டரியைத் தன் கடைக்குள் பாலிருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இதையும் பட்டியலில் சேர்த்தேன்.

கூட்டம் மறுநாள் காலையில்தான் இறங்கியது. அதுவரை பாக்கியம் வேனிலேயே காவல் இருந்தார். நான் விடிந்ததும் அலிபிரிக்குப் போய் நின்றேன். அது என் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த முப்பத்தேழைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். மொட்டைத் தலைகளோடு வந்தவர்கள் ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொண்டு ரசீதில் ஒப்பம் வைத்தார்கள். மாமன் தோளில் தூங்கிய குழந்தையின் வலது காலில் சிவப்புச் செருப்பு இருந்தது. வேன்காரர்களிடையே ஒரு பழக்கம். ஒருவர் வண்டி வழியில் நின்றுவிட்டால் அடுத்தவர் அந்தக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போவார், வாடகையைப் பிறகு பேசிக்கொள்வார்கள். அப்படியே இன்னொரு வேனில் அவர்கள் ஊருக்குப் போனார்கள். பாக்கியம் ஏறும்போது, "என்ன ஜப்தி பண்ணாமலே வுட்டுட்டியே நைனா" என்றார்.

முரளி சொன்னபடியே செய்தான். கம்பெனி சார்பில் என்மேல் புகார் மனு வந்தது. அமீனா பிரதிவாதியோடு சேர்ந்துகொண்டு வேனை எடுக்காமல் விட்டுவிட்டார் என்று. நீதிபதி என்னைக் கூப்பிட்டார். இளம் வயதுப் பெண்மணி, கண்டிப்பானவர். முதல் நாள் இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டியலின் நகலைப் பதினோரு முறை படித்தேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "நான்கு சக்கரம் உள்ள வாகனம். நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. இது சௌகரியமாக அகற்ற முடியாத பொருளாம்!"

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் படித்தேன். ஸ்டவ் ஒன்று. குண்டான் ஒன்று. தூக்கு ஏழு. துணிப்பை பதினாறு. அரிசி ஒரு மூட்டை. இறங்க மறுத்த பெண் ஒருவர். செருப்பு முப்பத்தேழு.

"முப்பத்தேழா?" என்றார் நீதிபதி.

காரணம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

வக்கீல் விடவில்லை. "அதில் ஒரு ஜோடிகூடப் பிரதிவாதியுடையது இல்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்?"

"பிரதிவாதி தன் செருப்பைக் காலில் போட்டிருந்தார், மேடம்."

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. வேன் இப்போது எங்கே என்று கேட்டார். ஒட்டிய நோட்டீஸோடு அதே இடத்தில் இருப்பதாகவும், பேட்டரி டீக்கடையில் பால் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பதாகவும் சொன்னேன். கம்பெனியே வேண்டுமானால் இப்போதே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மனுவைத் தள்ளுபடி செய்தார். "பட்டியலும் காவல் ஏற்பாடும் சரியாக உள்ளன" என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியின் நகலை முறைப்படி மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். என் சர்வீஸில் நான் எனக்காக வாங்கிய நகல் அது ஒன்றுதான்.

தணிகாசலத்துக்கு நான் செய்தது இவ்வளவே. அவருக்காக யாரிடமும் பரிந்து பேசவில்லை. அமீனா பேசக் கூடாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொன்னேன், யார் கேட்டாலும் சொல்லக்கூடியது: தோற்றதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஏலத்தில் கடைசி வார்த்தை விழும் வரைக்கும் பணம் கட்டி நிறுத்தலாம். தவணை கேட்கலாம். கையில் வசதி இருந்தும் ஏய்க்கிறவனுக்குத்தான் சிவில் சிறை, அதற்கும் முன்னால் நோட்டீஸ் வரும். எது செய்தாலும் கோர்ட் மூலமாகச் செய்ய வேண்டும், டீக்கடையில் யார் கையிலும் பணத்தைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. கோர்ட்டிலேயே இலவசச் சட்ட உதவி இருக்கிறது, அந்த அறை மாடியில் இடது பக்கம்.

அவர் மாடி ஏறினார். வேன் ஜப்தியில் இருந்ததால் படுக்க வேறு இடம் இல்லாமல் வீட்டுக்குப் போனாராம். முதல் இரண்டு நாள் நாய் குரைத்தாலே எழுந்து உட்கார்ந்தாராம். ஒருவரும் பிடிக்க வரவில்லை. பகலில் மற்றவர்கள் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போனார். கிடைத்ததைக் கோர்ட்டில் கட்ட ஆரம்பித்தார். கம்பெனி முதலாளி ஒரு நாள் அலிபிரிக்கு நேரில் வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார். ஏலத்தில் இது எவ்வளவு குறைந்த விலைக்குப் போகும் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்த லோக் அதாலத்தில் ராஜி ஆனது. ஒரு பகுதி உடனே, மீதி மாதத் தவணை. ஜப்தியை நீக்கி உத்தரவு வந்தது.

உத்தரவோடு நான் அலிபிரிக்குப் போனேன். ஜப்தி செய்து எடுத்து வந்தவற்றின் கணக்கு என்னிடம் பெரிது. என் கையால் திருப்பிக் கொடுத்தவை மொத்தம் ஒன்பதுதான். இது ஏழாவது. ரமணம்மா வேனைத் துடைத்து வைத்திருந்தார். டயர்களுக்கு அடியில் கல், கண்ணாடிக்குத் துணி. பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தணிகாசலம் பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டினார். அரக்கை உடைத்துச் சாவியைக் கொடுத்தேன். இரண்டாவது தடவையில் வண்டி கிளம்பியது. ஸ்டாண்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"சார், ஏறுங்க. உங்கள கோர்ட்டுல வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். பிரதிவாதியின் வண்டியில் அமீனா ஏறக் கூடாது, ஜப்தி நீங்கிய பிறகும்கூட. அவருக்கு அது புரிந்தது.

"மொத சவாரி எங்க?" என்று ரமணம்மா கேட்டார். மலையடிவாரத்தில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் ஏற்கெனவே வாடகை கேட்க வந்துவிட்டது.

தணிகாசலம் அவர்களை வேறு வண்டிக்குக் கை காட்டினார். "இன்னைக்கு சவாரி இல்ல, ரமணம்மா. ஊருக்குப் போறேன். வேன எங்க வூட்டு வாசல்லயே நிறுத்தணும்."